பத்தொன்பதுக்கு மேல் ஒண்ணு கூட

மலையாள தேசத்தில், சாலை என்று பெயருள்ள கடைத்தெருவில் என் இரும்புக் கடையை நான் எழுப்பியது ஒரு சாக்கின் மேல். பேச்சுக்குச் சொல்லவில்லை. தரையில் சாக்கை விரித்து, அதில் ஆணியைக் குவித்து, வெயிலில் உட்கார்ந்து விற்றேன். மழை வந்தால் சாக்கைச் சுருட்டிக்கொண்டு ஓட வேண்டும். இன்றைக்கு அதே இடத்தில் இரண்டு ஷட்டர் போட்ட கடை நிற்கிறது. மணக்காட்டில் வீடு கட்டினேன். அந்த மண்ணில் அஸ்திவாரம் நிற்காது என்று படித்த ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை சுவரில் ஒரு கீறல் கிடையாது, வேண்டுமென்றால் வந்து தடவிப் பார்க்கலாம். கிணறு தோண்டினேன். தண்ணீர் வராது என்றவர்கள் கோடையில் என் கிணற்றில்தான் இறைக்கிறார்கள். மகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தேன். நான் படித்தது நாலாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை.

இதோடு ஒரு காதையும் நான் கட்டினேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த புதிதில் மலையாளம் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு பூட்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவர் "ஒந்நு கூடெ" என்றார். நம் ஊரில் "ஒண்ணு கூட" என்று ஆரம்பித்தால் "வேண்டாம்" என்றோ "இல்லை" என்றோதான் முடியும். மிச்சத்தையும் சொல்லட்டும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னும் ஒரு பூட்டு வேண்டும் என்பதைத்தான் மனிதர் அப்படிச் சொல்லியிருக்கிறார். பக்கத்துக் கடைக்காரர் வந்து விளக்கிய பிறகுதான் வியாபாரம் முடிந்தது. அதற்கப்புறம் எத்தனையோ வருஷம். "ஒண்ணு கூட" என்று காதில் விழுந்தால் போதும், என் கை தானாகப் பெட்டிக்குள் போய் இன்னொன்றை எடுத்துவிடும். அப்படிப்பட்ட காது. அதை யாரும் எனக்குத் தானமாகத் தரவில்லை.

இதெல்லாம் ஊருக்கே தெரிந்த விஷயம். நான் உண்டாக்கியதில் யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று இருக்கிறது. அது ஒரு சீட்டாட்ட விதி. அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழையை மகள் திருத்தியிருக்கிறாள், விஷயத்தில் அவளைக் கை வைக்க விடவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஒரு மலையாளி குடிவந்தார். சுற்றுலாக் கப்பலில் சாப்பாடு பரிமாறும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அவரைச் சேட்டன் என்று கூப்பிடுவேன், அவருக்கு நான் அண்ணாச்சி. வெளிநாட்டுக்காரர்கள் பிளாக்ஜாக் என்கிற ஆட்டத்தை எங்களுக்குக் கற்றுத் தந்தவர் அவர்தான். நாங்கள் அதை இருபத்தொன்று என்போம். சீட்டு இல்லாமல் அவரால் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்க முடியாது.

ஆட்டம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஒருவர் பேங்க். மற்றவர்கள் ஒவ்வொருவரும் பேங்கோடு தனித்தனியாக மோதுகிறார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு. கூட்டினால் இருபத்தொன்றுக்குக் கிட்டே வர வேண்டும், தாண்டினால் தோல்வி. வேண்டுமென்றால் இன்னொரு சீட்டு கேட்கலாம், போதுமென்றால் நிறுத்தலாம். ஒரே மதிப்பில் இரண்டு சீட்டு வந்தால் பிரித்து இரண்டு ஆட்டமாகவும் ஆடலாம். பேங்குக்கு மட்டும் சொந்த விருப்பம் கிடையாது. பதினேழு வரும்வரை எடுத்தே ஆக வேண்டும், பதினேழு வந்தால் நிறுத்தியே ஆக வேண்டும். பேங்கின் இரண்டு சீட்டில் ஒன்று திறந்திருக்கும், ஒன்று கவிழ்ந்திருக்கும். அந்தக் கவிழ்ந்த சீட்டில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது.

பேங்க் எப்போதும் நான்தான். வீடு என்னுடையது, மேஜை என்னுடையது. காசு வைத்து ஆடினால் என் மனைவி சீட்டுக்கட்டை அடுப்பில் போட்டுவிடுவாள் என்பதால் கடையிலிருந்து வாஷர் கொண்டுவந்து பந்தயம் வைத்தோம். ஆடுகிறவர்கள் என் மனைவி, சேட்டன், கழக்கூட்டம் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற என் மாப்பிள்ளை. மூவரில் கெட்டிக்காரி அவள்தான். ஜெயித்த வாஷரையெல்லாம் கட்டுக்கம்பியில் கோத்து அடுக்களை வாசலில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருப்பாள். காபி கொண்டு வரும்போது அதை ஒரு தட்டு தட்டிவிட்டு வருவாள். அந்தச் சத்தம் எனக்கான செய்தி.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு இடது பக்கம் வாதம் வந்தது. பிழைத்தாள், நடந்தாள், சமையலறைக்கும் திரும்பினாள். ஆனால் இடது கை பிடிமானத்துக்கு வரவில்லை. பேச்சும் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நின்று மூச்சு வாங்கிவிட்டு வந்தது. முன்பெல்லாம் நான் ஒரு சொல் சொல்வதற்குள் பத்து சொல் சொல்கிறவள்.

அவளை மறுபடி மேஜைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் எனக்கு அப்போது இருந்த ஒரே வேலை. கடையைக்கூட வேலைக்காரப் பையன்கள் பார்த்துக்கொண்டார்கள். கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்தேன். சீட்டு அவள் கையிலிருந்து நழுவி மேஜையில் மல்லாந்து விழுந்தது. சேட்டன் ஜன்னலைப் பார்த்தார், மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். அவளுடையது பதினாறு. என்னிடம் பதினெட்டு. நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் இன்னொரு சீட்டை எடுத்துத் தாண்டிவிட்டு, ஐயையோ என்றேன். அதை ஒரு தப்பு என்று இன்றைக்கும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவள் என் சீட்டுகளை ஒற்றைக் கையால் தன் பக்கம் இழுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பதினெட்டுல... எடுத்தீங்களா," என்றாள். "எனக்கு... பிச்சை போடாதீங்க."

எழுந்து போய்விட்டாள். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஆடும்போது அடுக்களையில் தேவையில்லாத பாத்திரத்தையெல்லாம் கழுவிக்கொண்டிருந்தாள். கம்பியில் கோத்த வாஷர் அப்படியே தொங்கியது, தட்டுவதற்கு ஆள் இல்லை.

அப்போதுதான் அந்த விதியை நான் கண்டுபிடித்தேன். கடையில் ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். அவர் தராசு முள்ளை எட்டிப் பார்த்தார். தராசை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன், மனிதர் சமாதானமாகிவிட்டார். அவ்வளவுதானே விஷயம் என்று பட்டது. அவள் கையில் சீட்டு நிற்கவில்லையா, யாருமே கையில் பிடிக்க வேண்டாம். எல்லாம் மேஜையில் திறந்து கிடக்கட்டும். பேங்கின் கவிழ்ந்த சீட்டும் திறந்தே இருக்கட்டும். அப்புறம் நான் பதினெட்டில் எடுக்கிறேனா, நிறுத்துகிறேனா என்று அவளே பார்த்துக்கொள்ளலாம். நான் நினைத்தாலும் அவளுக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

சேட்டனிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இது செரியாகில்ல. பேங்கோட ரெண்டு சீட்டும் கண்டா பின்ன எந்தா களி? பேங்க் முடிஞ்சு போகும். கப்பல்ல இங்ஙன ஒரு களியே இல்ல."

களி என்றால் அவர் பாஷையில் ஆட்டம். இந்தக் கப்பல் பேச்சு ஒரு தொல்லை. மழை பெய்தால்கூட கப்பலில் இப்படிப் பெய்யாது என்பார். ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. பேங்க் இப்படித் திறந்து கிடந்தால் எல்லோரும் என்னைச் சுரண்டிவிடுவார்கள். நான் யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகச் சொன்னது: "சமம் வந்தா பேங்குக்கு." அதுவரை இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால் யாருக்கும் தோல்வி இல்லை, அவரவர் வாஷரை அவரவர் எடுத்துக்கொள்ளலாம். இனி அந்தச் சமம் முழுக்க என் பக்கம். ஒரு கையால் திறந்து காட்டியதை மறு கையால் வாங்கிக்கொண்டேன். நாலாம் வகுப்பு முடிக்காதவன் நின்ற நிற்பில் சொன்னது இது.

அடுக்களைக்குப் போய் அவளிடம் விவரம் சொன்னேன். பாத்திரத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"இதுல... எனக்கு ஆதாயமா?"

"ஆதாயமும் இல்ல, நட்டமும் இல்ல ஏளா. நான் சொல்லுதேன்லா."

"துருப்பிடிச்ச ஆணியை... புதுசுன்னு விக்கிறவங்க... நீங்க. மாப்பிள்ளை... கணக்குப் பார்த்து... சொல்லட்டும்."

அவள் போட்ட நிபந்தனை அதுதான். விதியில் தயவு கலந்திருந்தால் உட்காரமாட்டாள். மாப்பிள்ளையை அழைத்து, நீங்கள் சொல்லும் ஒரு சொல்லில்தான் உங்கள் அத்தை இந்த மேஜைக்கு வருவதும் வராததும் இருக்கிறது என்று சொன்னேன். அவர் பயந்துபோனார். கம்ப்யூட்டரில் சீட்டைக் கலைத்து லட்சக்கணக்கில் ஆடிப் பார்க்கலாம் என்றும், ஆனால் நாம் எந்த எண்ணில் நிறுத்துவோம் என்று அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். அதற்கென்ன, பதினேழு வந்தால் கை வைக்கக்கூடாது என்று மூன்று பேருமே சொன்னார்கள். அது சேட்டன் கப்பலிலிருந்து கொண்டுவந்த பாடம். பதினேழுக்கு மேல் சீட்டுக் கேட்பவன் ஒன்று குடித்திருப்பான், இல்லையென்றால் புதிதாகக் கல்யாணம் ஆகியிருப்பான் என்பார்.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை முகம் தொங்கிப்போய் வந்தார். புது விதியில் பேங்க்தான் ஏகமாக ஜெயிக்கிறது, சமத்தைப் பேங்குக்குக் கொடுத்தது பெரிய விஷயமாகிவிட்டது என்றார். நான் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டேன். அவளுக்கும் ஒருவகையில் சந்தோஷம்தான். தயவு இல்லை என்று கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதல்லவா. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

ஆனால் கம்ப்யூட்டர் சொன்னபடியே நடந்தது. வாரா வாரம் வாஷர் என் பக்கம் குவிந்தது. கம்பியில் கோத்ததை அவள் ஒவ்வொன்றாக உருவி உருவிப் பந்தயம் வைத்தாள். கம்பி மெலிந்துகொண்டே வந்தது. சேட்டன் முணுமுணுக்க ஆரம்பித்தார். கடைசியில் ஒரு நாள் சீட்டு போடுவதற்கு முன்பே வாயைத் திறந்துவிட்டார். இது களி அல்ல, கொள்ளை, அடுத்த ஞாயிறு முதல் பழையபடி கப்பல் முறைதான், பேங்கின் ஒரு சீட்டைக் கவிழ்க்க வேண்டும் என்றார்.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். பழைய முறையென்றால் கவிழ்ந்த சீட்டு. கவிழ்ந்த சீட்டென்றால் என் மேல் சந்தேகம்.

"நீங்க... ஆடுங்க," என்றாள். "நான்... டிவி பார்க்கேன்." சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் கலைத்த கட்டையே மறுபடி கலைத்தேன்.

அன்றைக்கு மட்டும் என் விதியில் ஆடிவிடலாம் என்று உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் அந்தக் கை வந்தது. என் முன்னே இஸ்பேட் ராஜாவும் ஆட்டீன் பத்தும். ராஜாவுக்கும் பத்துதான் மதிப்பு என்பதால் இருபது. அவள் முன்னே கிளாவர் பத்தும் டைமன் ஒன்பதும். பத்தொன்பது. பேங்க் நிறுத்தியாகிவிட்டது, பத்தொன்பதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்ய முடியும்? கடைசி வாஷர் ஐந்தாறைத்தான் வைத்திருந்தாள். இனிச் சீட்டு வேண்டுமா என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"ஒண்ணு கூட..." என்றாள்.

என் கை கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவி அவள் முன்னே போட்டுவிட்டது.

"...வேண்டாம்," என்று முடித்தாள்.

நடுவில் மூச்சு வாங்கியிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் என் கையா காத்திருக்கும்? சாலையில் பழகிய கை அது. போட்ட சீட்டைப் பார்த்தோம். இஸ்பேட் ரெண்டு. பத்தொன்பதும் ரெண்டும் இருபத்தொன்று. என் இருபதை அது தின்றுவிட்டது.

அவள்தான் முதலில் பேசினாள். "நான்... வேண்டாம்னுல்ல... சொல்ல வந்தேன். சீட்டை எடுங்க." சேட்டனும் எடுக்க வேண்டியதுதான் என்றார், கப்பலில் வாய்ச்சொல் முழுசாக வந்தால்தான் கணக்கு என்றார். நான் மாட்டேன் என்றேன். என் கடையில் சங்கிலியை அளந்து வெட்டிவிட்டால் திரும்ப எடுப்பதில்லை. போட்ட சீட்டு போட்டதுதான். சேட்டன் கப்பல் சட்டத்தைப் பேசினார், நான் சாலைச் சட்டத்தைப் பேசினேன். சத்தம் தெருவரை போயிருக்கும்.

அவள் எங்கள் சண்டையைக் கவனிக்கவே இல்லை. அந்த ஐந்து சீட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் உலை கொதிப்பதைப் பார்ப்பதுபோல.

"தோத்துப்போன கை... தானே," என்றாள். "பத்தொன்பதோட நின்னாலும்... தோல்வி. தாண்டினாலும்... அதே தோல்வி. எடுக்காம... எதுக்கு விட்டேன்?"

மாப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்தார். "அத்தை, நிறுத்துங்க. மாமா, நான் மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்ததே தப்பு. பதினேழுல நிக்கச் சொன்னேன். பேங்கோட ரெண்டு சீட்டும் தெரியும்போது எதுக்குப் பதினேழுல நிக்கணும்? அது கப்பல் ஆட்டத்துக்கான வழி. ஆட்டத்தை மாத்திட்டோம், ஆடுற வழியை மாத்தல."

அடுத்த கை போட்டேன். எனக்குப் பத்தொன்பது, அவளுக்குப் பதினெட்டு. மேஜை முழுக்க அவளைப் பார்த்தது. அவள் என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் மலையாளம் பேசமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவள், மீன்காரியிடம்கூட நெல்லைத் தமிழிலேயே சண்டை போட்டு ஜெயிப்பவள், வாயைக் கோணிக்கொண்டு, "ஒந்நு கூடெ," என்றாள். அதோடு நிறுத்தினாள். நானும் அவசரப்படாமல் காத்திருந்தேன். வேண்டாம் என்பது வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. சீட்டைப் போட்டேன்.

ராணி. இருபத்தெட்டு. அடியோடு தாண்டிவிட்டது.

அவள் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு அப்படி ஒரு சிரிப்பு சிரித்ததில்லை. உதடு ஒரு பக்கம்தான் ஏறியது. ஏறிய பக்கம் போதும்.

ஒரு வாரத்தில் மாப்பிள்ளை கம்ப்யூட்டரைப் புதிதாகப் பழக்கிவிட்டார். இந்தத் தடவை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. நம் எண் இது, பேங்கின் எண் இது என்று ஒவ்வொரு ஜோடியாக வைத்து, எடுத்தால் நல்லதா, நின்றால் நல்லதா என்று அதையே பார்க்கச் சொல்லியிருக்கிறார். வந்து உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினார். பேங்க் பதினேழோ அதற்கு மேலோ வந்து நின்றுவிட்டால், அதைத் தாண்டும்வரை நாம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், நம்மிடம் பத்தொன்பது இருந்தாலும் சரி. பேங்க் பதிமூன்று, பதினாலு என்று இக்கட்டில் முழித்துக்கொண்டிருந்தால் நாம் பன்னிரண்டிலேயே கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம், அது தானாகத் தாண்டிச் சாகட்டும். அந்த நேரத்தில் நம்மிடம் இரண்டு பத்து இருந்தால் அந்த நல்ல இருபதையும் உடைத்து இரண்டு ஆட்டமாக ஆடலாமாம். இதைக் கேட்டதும் சேட்டன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இருபதை உடைப்பதா, கப்பலில் அப்படி ஒருவன் செய்திருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்றார்.

"இப்படியெல்லாம் ஆடினா... யார் பக்கம்?" என்று அவள் கேட்டாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"நூல் அளவுக்கு மாமா பக்கம்தான் அத்தை. நல்லா ஆடினா அந்த நூல்தான் வித்தியாசம். அசந்தா அள்ளிக்கிட்டுப் போயிடுவாங்க."

தயவும் இல்லை, கொள்ளையும் இல்லை. எழுந்து போய்க் கம்பியைத் தட்டிப் பார்த்தாள், அதில் மிச்சமிருந்த நாலைந்து வாஷர் சத்தம் போட்டது.

"அப்ப சரி. சீட்டைப் போடுங்க."

சேட்டன் பந்தயத்தை முன்னே நகர்த்தினார். "கப்பல்ல இங்ஙன இல்ல," என்றார். "பட்சே கொள்ளாம்." ஆனால் நல்லாத்தான் இருக்கிறது என்று அவர் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு அவள் ஒரு ஞாயிறும் தவறியதில்லை. கம்பி மறுபடி கனத்து, இப்போது இரண்டாவது கம்பி போட்டிருக்கிறாள். குழப்பம் வரக்கூடாது என்று எங்கள் மேஜையில் ஒரு ஏற்பாடு. சீட்டு வேண்டுமென்றால் "ஒண்ணு கூட", வேண்டாமென்றால் விரலால் மேஜையில் ஒரு தட்டு. பேச்சு இப்போது அவளுக்கு நன்றாகவே வருகிறது. என்னைத் திட்டும்போது மூச்சு வாங்குவதே இல்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். சில வருஷம் கழித்து மாப்பிள்ளை இதையெல்லாம் இங்கிலீஷில் எழுதி, சீட்டாட்டக் கணக்கு பேசுகிறவர்கள் கூடும் ஒரு இன்டர்நெட் பக்கத்தில் போட்டார். உலகத்தில் யார் யாரோ படித்துப் பாராட்டினார்களாம். வெளிநாட்டுச் சூதாட்ட விடுதிகளில் இரண்டு சீட்டையும் திறந்து வைத்து, சமத்தைப் பேங்குக்கே கொடுக்கும் ஆட்டம் முன்பே உண்டு என்றும் ஒருவர் எழுதினாராம். இருக்கட்டும். அங்கேயும் எவனாவது ஒருவனுக்குக் கை வராத மனைவி இருந்திருப்பாள். நான் யாரிடமும் கேட்டுச் செய்யவில்லை.

மகளை உட்கார வைத்து அதைத் தமிழில் சொல்லச் சொன்னேன். என் மாமியார் கண்ட வழி என்று தலைப்பு. பத்தொன்பதில் சீட்டு எடுத்தது மாமியார், காரணம் சொன்னது மாமியார், கணக்குப் போட்டது மாப்பிள்ளை. கப்பலில் இருந்து வந்த சேட்டனுக்குக்கூட ஒரு வரி நன்றி. முழுக்கத் தேடினால் நான் ஒரே ஒரு இடத்தில் வருகிறேன். சீட்டுப் போட்டவரின் பிழையால் அந்தச் சீட்டு விழுந்தது என்று.

பிழையாம்.

அவளிடம் நியாயம் கேட்டேன். "காது கேக்காததுக்கு ஒரு பேரு வேணுமாக்கும்," என்று சொல்லிவிட்டுக் கம்பியைத் தட்டினாள்.

மாப்ளே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தைத் திறந்து இதைச் சேருங்கள். இரண்டு சீட்டையும் திறந்து வைத்தது நான். சமத்தைப் பேங்குக்கு வாங்கியது நான். உங்கள் அத்தையின் பத்தொன்பதுக்கு மேல் அந்த இஸ்பேட் ரெண்டைப் போட்ட கை என்னுடையது, எடுக்கச் சொன்னபோது எடுக்காததும் இதே கைதான். பிழை என்ற சொல்லை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில், சாலையில் தயாரான காது என்று எழுதுங்கள். மாமியார் என்ற சொல் வருகிற இடத்திலெல்லாம் பக்கத்தில் மாமனார் என்றும் எழுதுங்கள். அவள் பெயரை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.